பத்து நொடிக் குத்துவிளக்கு

பண்டிகை நாளில் தொலைக்காட்சி நிலையம் போட்டுக்கொண்ட கோலத்தை நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் மறக்கவில்லை. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

ரந்தாவ் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில் மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். பத்து மணிக்கு அடங்கிவிடும். அந்த மூன்றரை மணி நேரம்தான் எங்களுக்கு வெளிச்சம், அதுதான் எங்களுக்குத் தொலைக்காட்சி. லயத்தில் எல்லார் வீட்டிலும் பெட்டி கிடையாது. பகலிலும் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கார் பேட்டரியைச் சைக்கிளில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கிராணி வீட்டு ஜன்னல்தான் கதி.

தீபாவளியன்று மட்டும் ஜெனரேட்டர் நள்ளிரவு வரை ஓடும். ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் கையை விட்டுப் போகாத அந்த இரவில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு கூட்டமே படத்துக்காகக் காத்திருக்கும். படம் தொடங்குவதற்குச் சற்றுமுன் திரை இருண்டு, கோலத்தின் நடுவே ஒரு குத்துவிளக்கு தெரியும். நாதஸ்வரம் ஒலிக்கும். தீபாவளி வாழ்த்து எழுத்தாக எழும். பத்து நொடி இருக்குமா? அதற்குள் பாட்டி அதட்டுவார்: “டேய், சத்தம் போடாதீங்கடா. நம்ம விளக்கப் போட்டுட்டான்.”

பிறகு வந்த படங்களின் பெயர்கள் பாதி மறந்துவிட்டன. விளக்கு மறக்கவில்லை.

நிலையமே உடுத்திய புத்தாடை

இப்படி ஓர் ஏக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை. பிரிட்டனில் இதே வயதுக்காரர்களிடம் பழைய கிறிஸ்துமஸ் பற்றிக் கேட்டால், பலர் பிபிசி ஒன்று அலைவரிசையின் சின்னத்தைச் சொல்வார்கள். 1969 முதல் 1985 வரை அந்த நிலையத்தின் அடையாளம் ஒரு சுழலும் உலக உருண்டை. பின்னால் வளைந்த கண்ணாடி, முன்னால் சுற்றும் உருண்டை, அதைப் படம் பிடிக்க ஒரு கருப்பு வெள்ளைக் கேமரா. திரையில் தெரிந்த நிறத்தை மின்னணு முறையில் பிறகுதான் சேர்த்தார்கள். கேமரா தலையை ஆட்டி ஆட்டி ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பியதால், தலையாட்டி என்ற பொருளில் அந்தக் கருவிக்கு ‘நாடி’ என்று செல்லப்பெயரே இருந்தது.

டிசம்பர் வந்தால் உருண்டை ஓய்வெடுக்கும். அந்த இடத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரங்களைக் கையால் செய்து சுழலவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுச் சின்னம். இந்த ஆண்டு என்ன வரப்போகிறது என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். அங்கே அது நாடே ஒரே பெட்டியின் முன்னால் உட்கார்ந்த காலம். 1986 கிறிஸ்துமஸ் இரவில் ஒளிபரப்பான ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ நாடகத்தை, மறுஒளிபரப்பையும் சேர்த்து மூன்று கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. அவர்களில் பலரும் நாடகத்துக்கு முன்னால் அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் சின்னத்தையும் பார்த்திருப்பார்கள் அல்லவா? ஊர் முழுக்க ஒரே கோலம் போட்டதுபோல.

ஆண்டுக்கு நான்கு கோலம்

மலேசியத் தொலைக்காட்சி பிறந்ததும் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான். 1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பரில் வந்தது. சரியாகப் பதினைந்தாவது பிறந்தநாளில், 1978 டிசம்பர் 28 அன்று, வண்ணம் வந்தது. முதல் தனியார் நிலையமான டிவி3 1984 ஜூனில் வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஏரியல் கம்பிகள் தெலாப்பாக் புரோக் மலையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சிரம்பானுக்கு மேலே அந்த மலையில்தான் ஒளிபரப்புக் கோபுரம்.

பிரிட்டன் நிலையம் ஆண்டுக்கு ஒருமுறை உடை மாற்றிக்கொண்டது. நம் நிலையங்கள் ஆண்டுக்கு நான்கு முறையாவது மாற்றிக்கொண்டன. நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட்டும் பெலித்தா விளக்கும், சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்குக்கூண்டு, தீபாவளிக்குக் குத்துவிளக்கும் கோலமும், கிறிஸ்துமஸுக்குப் பனி மூடிய மரம். பனியை எங்கள் தோட்டத்தில் யார் கண்டார்கள்? ஆனால் லயத்தின் கடைசி வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் சவுக்குக் கிளை ஒன்றை நட்டு, இலவம் பஞ்சைப் பிய்த்து அதன்மேல் தூவும். திரையில் பார்த்த பனி அது. பால்மரக் காட்டுக்கு நடுவே, வியர்வை வழியும் டிசம்பரில், பஞ்சுப்பனி பூத்த அந்தச் சவுக்குக் கிளையைவிட அழகான கிறிஸ்துமஸ் மரத்தை நான் பார்த்ததில்லை.

பண்டிகைகள் நெருங்கி வந்த ஆண்டுகளில் சின்னங்களும் நெருங்கி உட்கார்ந்தன. 2005-இல் நவம்பர் 1 தீபாவளி, 3 நோன்புப் பெருநாள். இரண்டையும் சேர்த்த ‘தீபராயா’ என்ற சொல் திரைக்கும் வந்தது, கடைத்தெருவுக்கும் வந்தது. குத்துவிளக்கும் பெலித்தாவும் ஒரே சட்டத்துக்குள் எரிந்தன.

அன்றாடம் தமிழ்ச் செய்தி உண்டு, அவ்வப்போது தமிழ்ப் படமும் உண்டு. அப்படியிருக்க இந்தப் பத்து நொடி எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிதாயிற்று? நிகழ்ச்சி தமிழில் வருவது வேறு, நிலையமே கோலம் போட்டுக்கொள்வது வேறு. செய்தி முடிந்தால் அடுத்தது வேறு மொழி. ஆனால் தீபாவளியன்று, எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத வீடுகளின் பெட்டியிலும் அதே விளக்குதான் எரிந்தது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் நிமிர்ந்து பார்த்துப் பழகிய சனங்களுக்கு, நாடே தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து வாழ்த்துச் சொன்னதுபோல் இருந்தது அது. பாட்டி ‘நம்ம விளக்கு’ என்று சொன்னதன் பொருள் இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

இத்தனை சிறிய துண்டுகளை மக்கள் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று 2010-இல் கிடைத்தது. டிவி3 அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்காக ஒரு விளம்பரத் துண்டு தயாரித்தது. பெரியவர் ஒருவர் பறக்கும் ரிக்‌ஷாவில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வார். இது கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை நினைவூட்டுகிறது என்று பார்வையாளர்கள் முறையிட்டார்கள். நிலையம் மன்னிப்புக் கேட்டு அதை நிறுத்திவிட்டது. பண்டிகைச் சின்னத்தை மக்கள் தங்கள் வீட்டு வாசலாகவே நினைக்கிறார்கள். அங்கே யார் என்ன கோலம் போட்டாலும் கண்ணில் படும்.

நடுவில் வந்ததை யார் வைத்திருப்பார்?

நிகழ்ச்சிகளுக்கே பாதுகாப்பு இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஒளிநாடா விலை அதிகம் என்பதால் பிபிசி 1970கள் வரை பழைய பதிவுகளை அழித்து அதன்மேலேயே புதிதாகப் பதிந்தது. உலகப் புகழ்பெற்ற ‘டாக்டர் ஹூ’ தொடரில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் அப்படிக் காணாமல் போயின. தொடருக்கே அந்தக் கதி என்றால், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்த பத்து நொடியை எவர் எடுத்து வைப்பார்? பிரிட்டனில் இன்று பார்க்கக் கிடைக்கும் பழைய கிறிஸ்துமஸ் சின்னங்களில் பலவும் தற்செயலாகத் தப்பியவை. படத்தைப் பதிய நினைத்தவர் பொத்தானைக் கொஞ்சம் முந்தி அழுத்திவிட்டார், அல்லது நிறுத்த மறந்துவிட்டார். அந்த மறதிதான் இன்று ஆவணம்.

தோட்டத்தில் பதிவுக்கருவி ஏது? 1980களில் வீடியோ டெக்கை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்துப் படம் பார்ப்போம். பதிவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. ஆகவே எங்கள் விளக்கு நாடாவில் தங்காமல் ஆட்களின் நினைவில் தங்கியது. பிறகு அந்த ஆட்களே சிதறினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. சிரம்பான் 2, நீலாய் என்று எழுந்த புதுநகர்களின் கீழே கிடப்பதில் பெரும்பகுதி தோட்ட மண். நிகழ்ச்சி நிரலைத் தாங்கி வந்த பத்திரிகைகளில் ஒன்றான தமிழ் நேசன், 1924-இல் தொடங்கி, 2019 ஜனவரியோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஓடு நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பும் நின்றுபோனது. தெலாப்பாக் புரோக் மலையைப் பார்த்துத் திரும்பியிருந்த பழைய கம்பிகளுக்கு அந்த ஆண்டோடு வேலை முடிந்தது.

தாத்தா மறந்த பொத்தான்

சில ஆண்டுகளுக்கு முன் சிரம்பானில் உறவினர் வீட்டைக் காலி செய்தபோது, கல்யாண வீடியோக்களுக்கு நடுவில் ஒரு நாடா கிடைத்தது. ‘தீபாவளி படம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. வீட்டுத் தாத்தா கெட்டிக்காரர். நாடா வீணாகக்கூடாதென்று விளம்பரம் வந்தால் உடனே நிறுத்திவிடுவார், படம் வந்தால்தான் தட்டுவார். அதனால் அவர் பதிந்த மற்ற நாடாக்களில் வாழ்த்து ஒன்றுகூட இல்லை. இந்த ஒன்றில் மட்டும் இருந்தது. அன்று விருந்தாளிகள் வந்ததில் பொத்தானை முன்கூட்டியே அழுத்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டாராம். கோடு கோடாக ஓடும் திரையில், நிறம் வெளுத்து, ஒரு குத்துவிளக்கு. நாதஸ்வரம் பாதியில் தொடங்கிப் பாதியில் நின்றது. நான் சிறுவயதில் பார்த்த அதே விளக்கு இல்லை, பிந்திய ஆண்டு ஒன்றினுடையது. ஆனாலும் அறையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் அதட்டவில்லை.

உங்கள் அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை படரும். பூஞ்சை தெரிந்தால் கருவியில் போடாதீர்கள், நாடாவும் கெடும் கருவியும் கெடும். தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்துக் கணினிக்கு மாற்றுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், யார் பதிந்தது என்று பெட்டியின் மேல் எழுதுங்கள். மாற்றித் தருபவர் “முன்னாடி பின்னாடி விளம்பரம் இருக்கு, வெட்டிடவா?” என்று கேட்பார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள்.