பூட்டு அடைபட்டால் சாவி திறவாது: யானைக்கால் பரிசோதனையில் ஒரு காப்பு

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி, மிளகு வாணிபத்தால் புகழ்பெற்ற ஊர். அவ்வட்டாரம் மற்றொன்றாலும் பெயர் பெற்றது. அதுவே யானைக்கால் வியாதி. ஆங்கிலேயர் இதனைக் 'கொச்சிக் கால்' என வழங்கினர். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் இந்நோய்ப் புழுவைப் பரப்புகின்றன. நுண்புழுக்கள் இரவிலேயே வெளிநாளங்களின் இரத்தத்தில் மிகுதியாகத் தோன்றுவதால், 1955இல் தேசியத் திட்டம் தொடங்கிய பின்னர்க் களப்பணியாளர்கள் இரவில் வீடுதோறும் சென்று இரத்தத்துளி சேகரித்தனர்.

பகலிரத்தத்தில் நோயை அறிய இயலுமா? புழுவிற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரவு பகல் எப்பொழுதும் உளது. அதனைப் பற்றுவதற்குப் புழுவின் புரதம் தேவை. மனித நிணநீர் நாளங்களில் வாழும் உச்செரேரியா புழுவைச் சோதனைச்சாலையில் வளர்த்தலோ மிக அரிது. வேறு புழுக்களின் சாற்றைப் பயன்படுத்தினால், வயிற்றுப் பூச்சிகளால் உண்டான எதிர்ப்பொருள்களும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே விஞ்ஞானிகள் புழுவின் ஒரு மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி, அப்புரதத்தை மட்டும் வேண்டிய அளவு உற்பத்தி செய்தனர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2000இல் விவரித்த 'டபிள்யூபி-எஸ்எக்ஸ்பி-1' இவ்வகையினது.

பரிசோதனையில் நிறம் தோன்றுகிறது எனக் கொள்வோம். அது மெய்யான அடையாளந்தானா? இரத்தநீரை இரு பங்காக்குக. ஒன்றில் அப்புரதத் துணுக்கை மிகுதியாகக் கலந்து சிறிது நேரம் வைத்த பின் சோதித்திடுக. மற்றொன்றில் தொடர்பற்ற வேறொரு புரதத்தைக் கலந்திடுக. முன்னதில் எதிர்ப்பொருளின் பிடிகள் நிரம்பிவிடுதலால் நிறம் மறைய வேண்டும். பின்னதில் நிலைத்திருக்க வேண்டும். துவாரம் அடைபட்ட பூட்டில் சாவி நுழையாதது போன்றதே இது.

தொடர்பற்ற புரதமும் அதே பாக்டீரியாவில் உண்டானதாயிருத்தல் அவசியம். நம் குடலில் அப்பாக்டீரியா வாழ்வதால், அதற்கெதிரான எதிர்ப்பொருளும் நம் இரத்தத்தில் உண்டு. புரதத்துடன் எஞ்சிய பாக்டீரியா அழுக்கு நிறத்தை உண்டாக்கியிருப்பின், இரண்டிலும் நிறம் குன்றும், பிழை வெளிப்படும்.

எனினும் இது முடிந்த முடிபன்று. வேறொரு புழுவில் ஒத்த துணுக்கு இருந்தாலும் நிறம் மறையும். ஆதலின் பிற புழு நோயாளரின் இரத்தமும் சோதிக்கப்படல் வேண்டும். நோய் நீங்கிய பின்னரும் எதிர்ப்பொருள் நெடுநாள் நிற்கக்கூடும் என்பதும் நினைவிற்குரியது.

தவறான முடிவு நலமுற்றவரை வீண் அச்சத்தில் ஆழ்த்தும். நோயுற்றவரைக் கால் வீங்கும்வரை கைவிடும். ஆதலின், 'நிறம் தோன்றியது' என்பதோடு நில்லாது, 'தடுத்தபோது மறைந்ததா?' என்றும் வினவுதல் நம் கடமையாகும்.