சாவி வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்

பழைய வீட்டை வாங்கும்போது விரிசலும் ஓதமும் கண்ணில் பட்டுவிடும். புது வீட்டில் அவற்றின் மேல் புட்டியும் பெயின்டும் இருக்கும். அதனால் புது வீட்டுக்குத்தான் சோதனை அதிகம் தேவை. கட்டியவரைச் சாராத பொறியாளர் ஒருவரை, சாவி கைக்கு வருமுன் அழைத்துப் போங்கள்.

தரையை நீங்களே சோதிக்கலாம். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் மூலைகளிலும் தட்டுங்கள். அடியில் கலவை முழுதாகப் பிடித்திருந்தால் அதிர்வு தளத்துக்குள் இறங்கிவிடும். ‘டொக்’ என்று ஓசை சட்டென அடங்கும். கலவையை நடுவில் மட்டும் வைத்து ஒட்டியிருந்தால் மூலைகளுக்கு அடியில் வெற்றிடம் நிற்கும். அங்கே டைல்ஸ் மட்டும் தனியாக அதிர்ந்து பறைபோல் ஒலிக்கும். கனமான பீரோவின் கால் அந்த மூலையில் அமர்ந்தால் டைல்ஸ் உடைந்துபோகலாம்.

தூணையும் பீமையும் சோதிப்பதும் ஒலிதான். காதுக்குக் கேட்காத ஒலி. அல்ட்ராசோனிக் கருவி அதை ஒரு பக்கம் செலுத்தி, மறுபக்கம் வந்துசேரும் நேரத்தை அளக்கிறது. மிகச் சிறந்த, இறுக்கமான கான்கிரீட்டில் அது நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேலும் பாயும். உள்ளே பொந்து இருந்தால் சுற்றிவர நேரமாகும். வேகம் மிகவும் குறைந்தால் கான்கிரீட் சந்தேகத்துக்குரியது. எல்லா வீட்டுக்கும் இந்தச் சோதனை வேண்டியதில்லை. பீமில் விரிசல் தெரிந்தால் தயங்காமல் கேளுங்கள்.

மாடிக் குளியலறையை விட்டுவிடாதீர்கள். வடிகால் வாயை அடைத்து, இரண்டு விரற்கடை நீர் தேக்கி, ஒரு நாள் கழித்துக் கீழே கூரையைப் பாருங்கள். கசியும் நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து பெயர்ந்து விழுகிறது.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஆர்சிசிபி. மின்பெட்டியில் உள்ள அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். வீட்டுக்குப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிப்பதாக இருக்கட்டும். பொத்தான் வேலை செய்வதால் எர்த் சரி என்று ஆகிவிடாது. அதை எலக்ட்ரீஷியன் தனியே அளக்க வேண்டும்.

கண்ட குறைகளைப் படத்தோடும் தேதியோடும் கட்டியவரிடம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் வீடு என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை 30 நாளுக்குள், உங்களிடம் காசு வாங்காமல் சரிசெய்து தருவது கட்டி விற்றவரின் கடமை.