மெத்தடோன்: ஒருவருக்கு 60, இன்னொருவருக்கு 120 ஏன்?

ஹெராயின், அபின், வலிநிவாரணி ஊசி என ஓபியாய்டு வகைப் போதையில் சிக்கியவருக்கு, அதே வகை மருந்து ஒன்றைத் தினமும் அளந்து கொடுத்து உடலை நிலைப்படுத்துவதே பராமரிப்புச் சிகிச்சை. நியூயார்க் மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நிஸ்வாண்டரும் மெத்தடோனைக் கொண்டு இதில் கண்ட பலனை 1965-இல் வெளியிட்டார்கள். மெத்தடோன், பியூபிரனார்ஃபின் இரண்டும் இன்று இந்தியாவிலும் பயன்பாட்டில் உள்ளன.

“ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்று வீட்டில் கேட்பார்கள். அளவு சரியாக அமைந்தவர் கிறங்கிக் கிடப்பதில்லை. வேலைக்குப் போய் வருவார். ஆனால் அந்தச் சரியான அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

கல்லீரலின் வேகம்

உள்ளே போன மெத்தடோன் பாதியாகக் குறைய ஒருவருக்கு 8 மணி நேரம் போதும். இன்னொருவருக்கு இரண்டு நாளுக்கு மேலும் ஆகலாம். மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் பரம்பரையாகவே சிலருக்கு வேகமானவை, சிலருக்கு மந்தமானவை. வேகமாகச் சிதைப்பவருக்கு மறுநாள் விடியும் முன்பே மூக்கொழுகும், கை கால் குடையும், தூக்கம் கெடும். மெதுவாகச் சிதைப்பவருக்கோ நேற்றைய மருந்தின் மேல் இன்றைய மருந்து சேர்ந்துகொண்டே போகும். மூச்சு தடுமாறும் ஆபத்து முதல் இரண்டு வாரங்களில்தான் அதிகம். அதனால்தான் பெரும்பாலும் 20-30 மில்லிகிராமில் தொடங்கி, பொறுமையாக ஏற்றுகிறார்கள். பலர் 60 முதல் 120-க்குள் நிலைபெறுகிறார்கள். 120 வாங்குபவர் 60 வாங்குபவரைவிட மோசமான நோயாளி என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

காசநோய் மாத்திரை குறுக்கிட்டால்

நம் நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது இது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். மாதக்கணக்கில் ஒரே அளவில் நன்றாக இருந்தவர், காசநோய் மருந்து தொடங்கிய சில நாட்களில் “மருந்து பத்தலை சார்” என்று வந்து நிற்பார். போதைக்காக நடிக்கிறார் என்று விரட்டுவது எளிது. அவர் சொல்வது உண்மை. அளவைக் கூட்டித்தான் ஆகவேண்டும். ஆறு மாதம் கழித்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது கூட்டியதைக் குறைக்க மறந்தால், அதுவே மிகையளவாகிவிடும்.

வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், எச்ஐவிக்குத் தரும் எஃபவிரென்ஸ் ஆகியவையும் மெத்தடோனைக் குறைக்கும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் கூட்டிவிடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மருந்து வேகமாக வெளியேறுவதால், சிலருக்கு ஒருநாள் அளவை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள்.

பியூபிரனார்ஃபின் ஒத்துவராதபோது

நாக்கடியில் வைக்கும் இந்த மாத்திரை ஓரளவுக்கு மேல் வீரியம் காட்டாது. தனியாக எடுத்தால் மூச்சை நிறுத்தும் ஆபத்து குறைவு என்பது அதன் பலம். நீண்டகாலம் அதிக அளவு ஹெராயின் எடுத்தவர்களில் சிலருக்குப் போதாமல் போவது அதன் குறை. முதல் மாத்திரையை அவசரப்பட்டும் போடக்கூடாது. உடலில் ஹெராயின் இருக்கும்போதே போட்டால், அதைத் தள்ளிவிட்டுக் கடும் விலகல் அறிகுறிகளைக் கிளப்பும். “இந்த மாத்திரை எனக்கு ஆகாது” என்று சிகிச்சையை விட்டுப் போனவர்களில் சிலருக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். நேரம் பார்த்து மறுபடி தொடங்கலாம், மெத்தடோனுக்கும் மாறலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

வேறு எந்த நோய்க்கு மருந்து எழுதினாலும், பராமரிப்புச் சிகிச்சையில் இருப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மெத்தடோன் எடுப்பவர் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈசிஜி எடுக்க வேண்டும். இதயத் துடிப்பின் லயத்தை மெத்தடோன் பாதிக்கக்கூடும். மதுவும் தூக்க மாத்திரையும் இரண்டு மருந்துகளோடும் சேரவே கூடாது. குடும்பத்தாரின் நச்சரிப்புக்காக மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள்: உடலின் தாங்குதிறன் சில நாட்களிலேயே குறைந்துவிடும், பிறகு பழைய அளவில் ஹெராயின் எடுத்தால் உயிர் போகலாம். எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446-ஐ அழையுங்கள்.