பதுளையில் மூன்று நாட்கள்

புதிய ஊரொன்றில் முதல் இரண்டு நாட்களும் கண்களுக்கே உரியவை. மூன்றாம் நாளில்தான் காது திறக்கிறது. 2018 ஓகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து நானும் என் நண்பரான சக ஆசிரியர் ஒருவரும் பதுளைக்குச் சென்றபோது இதை உணர்ந்தேன்.

கொழும்பில் விடியற்காலை ஏறிய புகையிரதம் பகல் முழுதும் மலையேறியது. பட்டிப்பொலையில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்தில், குளிர் எலும்பைத் தொட்டது. அப்பாலுள்ள சுரங்கத்தைக் கடந்ததும் மூடுபனி விலகி வெயில் விரிந்தது. அதுவே ஊவாவின் வாசல். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் வந்தபோது வண்டியிலிருந்தோர் அனைவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தனர். 1921இல் நிறைவுற்ற பாலம் அது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றிவந்து, சற்றுமுன் நாம் நின்ற நிலையத்துக்குக் கீழாகவே சுரங்கம் வழியே நுழைந்து செல்கிறது. 1924இல் பதுளையை எட்டிய இப்பாதை அவ்வூரோடு முடிந்துவிடுகிறது.

மறுநாட் காலை முதியங்கணை விகாரையைத் தரிசித்தோம். பௌத்தர் போற்றும் பதினாறு புனிதத் தலங்களுள் அது ஒன்று. பின்னர் துன்ஹிந்தைக்குப் போனோம். காட்டுப் பாதையில் நடக்கையில் முதலில் ஓசை வந்தது. பிறகே அருவி வந்தது. 64 மீற்றர் உயரத்திலிருந்து பதுளை ஓயா வீழ்ந்து புகையாய் எழுகிறது. அத்திவலை முகத்தில் பட, நண்பர் நெடுநேரம் பேச்சற்று நின்றார்.

மாலையில் நகரிலுள்ள பழைய புனித மாற்கு தேவாலயத்தைக் கண்டோம். மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது அது. ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர்பெற்ற அவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் பெயர் அங்கே கல்லில் நிற்கிறது. "பாலத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?" என்றார் நண்பர். என்னிடம் விடை இல்லை.

மூன்றாம் நாள் பண்டாரவளை, அப்புத்தளை வழியாகக் கொஸ்லந்தைக்குப் பஸ் ஏறினோம். இருபுறமும் தேயிலை. ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணத்தைத் தருவது ஆடி, ஆவணியில் வீசும் இந்த வறண்ட காற்றே என்பர். அந்தக் காற்றில்தான், ஒரு தோட்டத்துப் பாதையோரத்தில், இடுப்பில் படங்கும் முதுகில் கொழுந்துக் கூடையுமாக ஓர் அம்மையார் நின்றிருந்தார்.

"எங்கேருந்து வர்றீங்க, ஐயா?"

சொன்னோம். தூரத்து மலைச்சரிவைக் காட்டி, "அந்தப் பக்கந்தான் மீரியபெத்த" என்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடிய இடம். அந்நிலம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே இருக்க நேர்ந்தது.

"இப்ப காத்துக் காலம், பயமில்ல. மழ வரட்டும், அப்ப வந்து பாருங்க. ராத்திரியில ஒருத்தரும் கண்ண மூட மாட்டோம்."

அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டதாம். "அப்பறம் பாக்கவே இல்ல." வகுப்பில் நான் கற்பித்த சரித்திரம் அந்த மூன்று சொற்களில் அடங்கிவிட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகக் கூறிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இவ்வெண்களை மாணவரை மனனம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வோர் எண்ணின் நடுவிலும் அண்ணனும் தங்கையும் பிரிந்து நிற்பதை ஒரு நாளும் சொன்னதில்லை.

நண்பர் படமெடுக்கலாமா என்று கேட்டார். அம்மையார் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, "மொகத்த எடுங்க, தம்பி. வாறவங்க எல்லாம் கூடையத்தான் எடுக்கிறாங்க" என்றார்.

முகத்தையே எடுத்தோம். பஸ் வந்தது, விடைபெற்றோம்.

வீடு திரும்பியபின் படங்களை ஏட்டில் ஒட்டி ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதினேன். ஒன்பது வளைவுப் பாலம்; துன்ஹிந்தை; ரொஜர்ஸ் நினைவுத் தேவாலயம். இறுதிப் படத்தை அடைந்ததும் பேனா நின்றது. எங்கள் ஊரைச் சொன்னோம். அவருடைய பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று எழுத மனம் இடந்தரவில்லை. அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.