மழலைக்குக் காது கொடுக்கும் கம்ப்யூட்டர்!

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு 2 வயது முடிந்துவிட்டதா? 'அம்மா பால்', 'தாத்தா வா' என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறதா? இல்லையென்றால், "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லும் சமாதானத்தோடு இருந்துவிடாதீர்கள்.

பேச்சுக் குறையைக் கண்டறிய இப்போது 'ஏ.ஐ.' என்கிற செயற்கை நுண்ணறிவும் வருகிறது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தின் தலைமையில், 2023-ல், 2 கோடி டாலர் மானியத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். காரணம், அங்கே பேச்சுப் பயிற்சி நிபுணர்களுக்குப் பற்றாக்குறை. வகுப்பில் குழந்தைகள் பேசுவதைக் கவனித்து, யாருக்குப் பரிசோதனை தேவை என்று சொல்லும் கருவியை உருவாக்குவது அவர்கள் திட்டம்.

மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? குரலைப் பதிவு செய்து, மற்றக் குழந்தைகளின் ஏராளமான பதிவுகளோடு ஒப்பிடும். எந்த எழுத்து மாறுகிறது, வாக்கியம் எவ்வளவு நீளம், எங்கே திக்குகிறது என்று கணக்குப் போடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் பேசப் பேச செல்போன் எழுதித் தருகிறதல்லவா? குழந்தை 'தக்கரை' என்றால், அது தானாகத் திருத்தி 'சர்க்கரை' என்று போட்டுவிடலாம். நிபுணருக்கு வேண்டியதோ அந்தத் தப்புதான்! பெரியவர்கள் குரலில் பழகிய மெஷின் குழந்தைக் குரலில் தடுமாறும். ஆங்கிலத்தில் பழகியதை அப்படியே நம் 'ழ'வுக்கு வைத்துப் பார்க்க முடியாது. 'வாளப்பளம்' என்பது சில ஊர்களில் வழக்கு, நோயல்ல.

ஆக, மெஷின் ஒரு சல்லடைதான். சலித்துக் கொடுக்கும், முடிவு சொல்ல வேண்டியது நிபுணர்.

அதற்கும் முன்னால், குழந்தையின் காதைப் பரிசோதியுங்கள். சரியாகக் கேட்காத குழந்தைக்குப் பேச்சு எப்படி வரும்? பிறந்த குழந்தைக்கே இந்தச் சோதனை செய்யலாம். வலி கிடையாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: நாக்கில் வசம்பு தேய்த்தால் காது கேட்காது. தேய்த்துத் தேய்த்து மாதங்களைக் கடத்தாதீர்கள். குழந்தை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் அதுதான்.

சென்னை அருகே முட்டுக்காட்டிலும், மைசூரிலும் இதற்கான மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

போகும்போது ஒன்று செய்யுங்கள். குழந்தை வீட்டில் விளையாடிக்கொண்டே பேசுவதை 5 நிமிடம் செல்போனில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். புது இடத்தில் வாயே திறக்காத குழந்தை வீட்டில் எப்படிப் பேசுகிறது என்பது நிபுணருக்குத் தெரியட்டும்.