தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து விலகுதல் (நீலகிரி)

தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து விலகுதல் என்பது நீலகிரி மாவட்டத்தின் எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் ஏதாவதொரு காலத்தில் எதிர்கொள்ளும் முடிவாகும். பிற தொழில்களில் வேலை மாறுவது பெரும்பாலும் சம்பளத்தையும் மேலதிகாரியையும் பற்றிய கேள்வியாக இருக்கும். தோட்டத்தில் வேலை, வீடு, மருத்துவம் மூன்றும் ஒரே நிர்வாகத்திடம் இருப்பதால், வேலையை விடுபவர் மற்ற இரண்டையும் சேர்த்தே விடுகிறார். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் இளைய தலைமுறையினர் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்றுகொண்டிருக்கையில், பெற்றோர் மட்டும் லைன் வீடுகளில் தங்கியிருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

பின்னணி

நீலகிரியில் வணிக அளவிலான தேயிலைப் பயிர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றியது. அக்காலத்தில் கங்காணிகள் சமவெளிக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆட்களை மலைக்கு அழைத்து வந்தனர். முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுச் செல்வதை 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதாவது வேலை பிடிக்கவில்லை என்று ஊர் திரும்பியவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. இச்சட்டம் 1925இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தால் நீக்கப்பட்டது. விலகும் உரிமை தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைத்து இன்னும் நூறு ஆண்டுகள்தாம் ஆகியுள்ளன.

இன்றைய தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும் அவர்களின் பிள்ளைகளும் ஆவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு வேலை அளிப்பதற்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, அதாவது டேன்டீயாக, வளர்ந்தது. இலங்கையில் லயத்தில் பிறந்து நீலகிரியில் லைன் வீட்டில் குடியேறிய இக்குடும்பங்களுக்குச் சமவெளியில் திரும்பிச் செல்லச் சொந்த ஊர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. வேலை மாற்றம் பற்றிய பொதுவான அறிவுரைகள் இவர்களுக்குப் பொருந்தாமல் போவது இங்கிருந்தே தொடங்குகிறது.

வேலையிடத்தின் கடினங்கள்

தோட்ட வேலையின் கடினங்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். ஒரு பகுதி இயற்கையோடும் பயிரோடும் வருவது: தென்மேற்குப் பருவமழையில் அட்டைக்கடி, டிசம்பர் முதல் உறைபனி, செங்குத்தான சரிவில் முதுகில் கொழுந்துச் சுமை, கூடலூர்ப் பக்கத்தில் யானை நடமாட்டம். மற்றொரு பகுதி மனிதர்களால் வருவது: நிறுவையின்போது ஈரத்துக்கும் பைக்கும் அளவுக்கு மீறிக் கழிப்பது, மேற்பார்வையாளரின் வசைச்சொல், விடுப்புக் கேட்டால் கடினமான சரிவுக்கு அனுப்புவது, பெண்களிடம் அத்துமீறுவது.

முதல் பகுதி நிர்வாகம் மாறினாலும் மாறாது. அது உடலுக்கு ஒத்துவராவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போவதில் பயனில்லை. தொழிலையே மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது பகுதிக்கு வேலையை விடாமலேயே பரிகாரம் தேட வழியுண்டு. இவ்விரண்டும் குழம்பிப்போய், ஒரு மேஸ்திரியின் மீதுள்ள கோபத்தில் இருபதாண்டு வேலையை எழுதிக் கொடுத்துவிடுவதுதான் திரும்பப் பெற முடியாத இழப்பாகிறது.

விலகாமல் தீர்க்கக் கூடியவை

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 வயதுவந்தோருக்கு வாரம் 48 மணி நேரத்தை வேலை உச்சவரம்பாக வைத்தது. வீடு, மருத்துவம், குடிநீர், கழிப்பிடம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம், 300 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள தோட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆகியவற்றையும் அது நிர்வாகத்தின் கடமையாக்கியது. 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இச்சட்டம் உள்ளடக்கப்பட்டுள்ளது. மழைச்சட்டையோ கம்பளியோ தரப்படாதது, வீட்டுக் கூரை ஒழுகுவது போன்றவற்றை நிர்வாகத்தின் தயவாக அல்லாமல் கடமையாகக் கேட்கலாம் என்பது பல இளம் தொழிலாளர்களுக்குத் தெரிவதில்லை.

முறையீடு வழக்கமாகத் தொழிற்சங்கத்தின் வழியாக நிர்வாகத்துக்கும், அங்கே தீராவிட்டால் மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் செல்கிறது. நிறுவைக் கழிவு போன்றவற்றில் தனி ஒருவரின் புகாரைவிட, பல பேர் சில வாரங்கள் தத்தம் எடையைத் தேதியிட்டுக் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் வலுவானது. பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டின் சட்டம் தனிவழி வைத்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மேலாளரே குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவை நாடலாம். இத்தகைய நிலையில் பெண்ணின் பாதுகாப்பே முதலாவது. வீட்டுக் கணக்கும் பணக் கணக்கும் அதற்குப் பின்தான்.

வீடு

லைன் வீடு வேலைக்கு உரியது, தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. ஒரே வீட்டில் கணவன், மனைவி இருவரும் நிரந்தரத் தொழிலாளராக இருந்தால், ஒருவர் விலகினாலும் மற்றவர் பெயரில் வீடு தொடர வாய்ப்புண்டு. எனவே நீலகிரிக் குடும்பங்கள் ஒட்டுமொத்தமாக விலகுவது அரிது. முதலில் பிள்ளைகள் கீழே இறங்குகிறார்கள். பிறகு தந்தை கட்டட வேலைக்கோ காவல் வேலைக்கோ போகிறார். தாய் கடைசிவரை கொழுந்து பறித்து வீட்டைத் தக்கவைக்கிறார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது துணிவின்மையாகத் தோன்றலாம். உண்மையில் இது நன்கு கணக்கிட்ட ஏற்பாடு. ஆனால் அதன் சுமை முழுவதும் வீட்டின் மூத்த பெண் மீது விழுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வெளியே வீடு கட்ட நிலம் கிடைப்பதும் எளிதன்று. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்கள் நீண்டகால வழக்கில் சிக்கியவை. அங்கே குடிசை போட்டவர்களுக்குப் பட்டாவும் மின்இணைப்பும் கிடைப்பது பெரும்பாடு.

ஓய்வுபெற்றோர் நிலைமை இன்னும் சிக்கலானது. பணிக்கொடை கைக்கு வராமல் வீட்டைக் காலி செய்ய முடியாது என்று தொழிலாளியும், வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்று நிர்வாகமும் நிற்கும்போது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தோட்டமே மூடப்படும்போது என்ன நேரும் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலை அண்மைய எடுத்துக்காட்டு. குத்தகைக் காலம் 2028இல் முடிய இருந்த அத்தோட்டத் தொழிலாளர்களுக்கு 2024இல் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. பல தலைமுறைகளாக வாழ்ந்த மலையை விட்டு எங்கே போவது என்ற கேள்வி உயர்நீதிமன்றம் வரை சென்றது.

பணிக்கொடையும் வைப்புநிதியும்

ஐந்தாண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை பெற உரிமையுள்ளவர். விலகினால் ஒன்றும் கிடைக்காது என்ற எண்ணம் லைன்களில் பரவலாக இருப்பினும் அது தவறு. தினக்கூலி பெறுபவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி என்பது கணக்கு. கடைசி நாள்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு 6,750 ரூபாய். 22 ஆண்டுகளுக்கு 1,48,500 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகக் கொள்ளப்படும். ஆகவே 21 ஆண்டு 5 மாதத்தில் விலகுபவர், இரண்டு மாதம் பொறுத்து விலகுபவரைவிட ஓராண்டுத் தொகை குறைவாகப் பெறுவார். ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருப்பது தொடர் பணியாகக் கொள்ளப்படுவதால், கொழுந்து குறையும் மாதங்களில் வேலை தரப்படாத தற்காலிகத் தொழிலாளர்கள் தங்கள் வருகைக் கணக்கைத் தாமே வைத்திருப்பது நல்லது.

பணிக்கொடையை அது உரியதான நாளிலிருந்து 30 நாளுக்குள் நிர்வாகம் வழங்க வேண்டும்; தாமதித்தால் வட்டியும் உண்டு. சொல்லாமல் வேலைக்கு நின்றுவிடுவதும், வெற்றுத்தாளில் கையொப்பமோ கைநாட்டோ இடுவதும் பிற்பாடு பெரும் தொல்லையாகும். விலகல் கடிதத்தைத் தேதியுடன் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கிக்கொள்வதே போதுமான காப்பு.

வைப்புநிதியில் கவனிக்க வேண்டிய எல்லை பத்தாண்டு. அத்தனை ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. குறைந்த காலம் இருந்தவர் பணத்தை எடுத்துவிடாமல் அதே யூஏஎன் எண்ணைப் புதிய நிறுவனத்தில் தந்தால் பழைய ஆண்டுகள் சேர்ந்துகொள்ளும். தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், எஸ்டேட் பதிவேட்டில் வேறொரு எழுத்து என்றிருப்பது வழக்கம். அதைத் திருத்துவதற்கு எஸ்டேட் அலுவலகத்தின் ஒத்துழைப்பு வேண்டும் என்பதால், விலகுமுன் முடிக்க வேண்டிய வேலை இது.

போகும் இடம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு நாள் வருமானம் தோட்டக் கூலியைவிடக் கூடுதலாகத் தெரிவதற்கு, அது பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், அதாவது ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கான தொகை என்பதும் ஒரு காரணம். அங்கே வீட்டு வாடகை, முன்பணம், குடிநீர் என எஸ்டேட்டில் காணாத செலவுகள் சேரும். தோட்ட ஆஸ்பத்திரி இராது. ஆனால் நிறுவனம் ஈஎஸ்ஐயில் பதிவு செய்திருந்தால் மருத்துவ வசதி உண்டு. வேலையில் சேருமுன் இதைக் கேட்டறிவது அவசியம். பிள்ளைகளின் படிப்புக்கும், மேஸ்திரியின் மகன் மேஸ்திரியாகவும் தொழிலாளியின் மகள் தொழிலாளியாகவும் தொடரும் வழக்கத்திலிருந்து விடுபடுவதற்கும் சமவெளி நகரங்கள் தரும் வாய்ப்பை எந்தக் கூலிக் கணக்காலும் அளக்க முடியாது. பெரும்பாலோர் இறங்கிப் போவது அதற்காகவே. வேலையை எழுதிக் கொடுக்குமுன் குடும்பத்தில் ஒருவர் சில மாதம் அங்கே தங்கி வேலை பார்த்து வருவது பலர் கையாளும் முறை. வெயில் ஒத்துக்கொள்ளாமல் மலையேறித் திரும்புவோரும் உண்டு.

உள்ளூர் இளைஞர்கள் விட்டுச்சென்ற இடங்களில் இப்போது ஜார்க்கண்ட், பீகார், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்கின்றனர். லைன் வீடுகளில் அவர்களின் குடும்பங்களும் குடியேறியுள்ளன. வேலை நேரம், வீடு, பணிக்கொடை பற்றிய மேற்கண்ட விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். அவை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் தோட்ட அலுவலகங்களில் எழுதி ஒட்டப்பட்டிருப்பது அரிது.