கிரீன் டீ: கோப்பை வேறு, குப்பி வேறு

மருந்துக்கடை அலமாரியில் இப்போது கிரீன் டீக்கு இரண்டு இடம். வெந்நீரில் முக்கிக் குடிக்கும் பொட்டலம் ஒரு பக்கம். கேப்சூல் நிறைந்த பிளாஸ்டிக் குப்பி இன்னொரு பக்கம். உடம்பு இளைக்க, கொழுப்புக் குறைய என்று வாங்கிப் போகிற பலருக்கு இரண்டும் ஒன்றுதான். நாளுக்கு நாலு தடவை டீ போட யாருக்கு நேரம் இருக்கிறது? காலையில் ஒரு கேப்சூலை விழுங்கினால் முடிந்தது. இந்தக் கணக்கில்தான் பிழை இருக்கிறது.

நாம் பால் ஊற்றிக் குடிக்கிற டீயும் கிரீன் டீயும் ஒரே செடிதான். பறித்த கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, காற்றுப்பட வைத்தால் கறுப்புத் தேயிலை. பறித்த சூட்டோடு ஆவியில் வேகவைத்தோ சட்டியில் வறுத்தோ உலர்த்தினால் பச்சைத் தேயிலை. சூடு பட்டதும் இலையின் நொதிகள் செயலிழந்துவிடும்; கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருட்கள் மாறாமல் நிற்கும். 1929-ல் இந்தக் கேட்டச்சினைப் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா. டோக்கியோவின் ரிகென் ஆய்வகத்தில் உழைத்த அவர், 1932-ல் ஜப்பானில் வேளாண்மைத் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். கேட்டச்சின்களில் தலையானது இ.ஜி.சி.ஜி. குப்பிக்குள் செறிவாக்கி அடைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கிரீன் டீயின் நற்பெயருக்குப் பெரிய ஆதாரம் ஜப்பானின் மியாகி மாகாணத்து ஆய்வு. 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம், ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய் மரணம் சுமார் கால் பங்கு குறைவு. புற்றுநோய் மரணத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. டீ அதிகம் குடிப்பவர்களின் மற்ற பழக்கங்களும் இந்தக் கணக்கில் கலந்திருக்கலாம் என்பதால், இதையும் முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி: அந்த மக்கள் குடித்தது டீ. கேப்சூல் விற்கிறவர்கள் இந்த ஆய்வைக் காட்டி விற்பது நியாயமே இல்லை.

கேப்சூலையே கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்தது. மாதவிடாய் நின்ற 1,075 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஓராண்டு முழுக்க, தினமும் 843 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. உள்ள கேப்சூல்கள், மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத கேப்சூல்கள். மார்பகத் திசுவின் அடர்த்தி குறைகிறதா என்பதுதான் முதன்மைக் கேள்வி. மொத்தத்தில் குறையவில்லை. கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்.டி.எல். கொஞ்சம் இறங்கியது, அது உண்மையான நன்மைதான், சிறியது என்றாலும். ஆனால் கேப்சூல் சாப்பிட்டவர்களில் 5.1 சதவிகிதம் பேருக்குக் கல்லீரல் பரிசோதனை அளவுகள் கவலைப்படும்படி ஏறின. மற்ற பிரிவில் அது 0.7 சதவிகிதம். நிறுத்தியதும் அளவு இறங்கியது. சிலருக்கு மறுபடி தொடங்கியபோது மறுபடி ஏறியது. கேப்சூல்தான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உடல் எடை விஷயமும் ஏமாற்றம்தான். நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி 2012-ல் காக்ரேன் ஆய்வுக் குழு சொன்ன தீர்ப்பு: கிரீன் டீ தயாரிப்புகளால் குறையும் எடை மருத்துவரீதியாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல. தேயிலைச் சாறு மருந்தாக அனுமதி பெற்றிருக்கும் ஒரு பயன் தோல்மேல்தான். பிறப்புறுப்பு மருக்களுக்குப் பூசும் கேட்டச்சின் களிம்புக்கு 2006-ல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. அது மருத்துவர் சீட்டில் வாங்கும் மருந்து. முறையாகச் சோதிக்கப்பட்டு வந்தது.

கோப்பை செய்யாத கல்லீரல் பாதிப்பைக் குப்பி ஏன் செய்கிறது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் போட்ட கணக்கு இதற்குப் பதில். டீயாகக் குடிக்கிறவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்குக் கிடைக்கும் இ.ஜி.சி.ஜி. 90 முதல் 300 மில்லிகிராம். அதுவும் ஒரு நாளின் பல வேளைகளில், மடக்கு மடக்காக. கேப்சூலில் அதைவிட அதிக அளவு ஒரே விழுங்கலில் இறங்கிவிடக்கூடும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு இன்னும் பல மடங்கு. எடை குறைக்க நினைக்கிறவர்கள் பட்டினியோடுதானே இதை விழுங்குகிறார்கள்? நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் கவலைக்குரியது என்றது ஆணையம். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவைச் சட்டத்தால் தடுத்து, லேபிளில் எச்சரிக்கைகளும் போடச் சொன்னது: வெறும் வயிற்றில் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் கூடாது.

இதற்கும் முன்பே, 2003-ல், எக்ஸோலிஸ் என்ற இளைப்பு மாத்திரை கல்லீரல் பாதிப்புப் புகார்களால் பிரான்சிலும் ஸ்பெயினிலும் திரும்பப் பெறப்பட்டது. அதில் இருந்தது கிரீன் டீச் சாறு. கடுமையான பாதிப்பு அரிதானது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரீன் டீச் சாற்றால் கல்லீரல் கெட்டவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, 72 சதவிகிதம் பேரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது; பொதுமக்களிடம் அது எட்டில், ஒன்பதில் ஒருவருக்குத்தான் உண்டு. நமக்கு அந்த மரபணு இருக்கிறதா என்று கடையில் வாங்கும்போது யாருக்குத் தெரியும்?

வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாடோலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் கிரீன் டீ பெருமளவு தடுக்கிறது. இதில் கோப்பையும் விலக்கல்ல. போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தின் வேலையை இ.ஜி.சி.ஜி. முடக்கிவிடுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். கேட்டச்சின்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்குவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான்.

‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்?’ என்ற பேச்சை நாம் விட வேண்டும். கிரீன் டீ பிடித்தால் சூடாகப் போட்டுக் குடியுங்கள். கேப்சூல் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட ஆரம்பித்த சில மாதங்களில் அசதி, குமட்டல், வலப்பக்க மேல்வயிற்று வலி, சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, கண்ணில் மஞ்சள் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடி நாட்களைக் கடத்தாதீர்கள். அந்தக் குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பது அதன் லேபிளில்தான் இருக்கிறது.